என்னைக் கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதில்

உன் மரக்குழல் என் வீட்டுக்கு வந்துவிட்டது.

போன வாரம் உன் அடையாறு சுகாதார சென்டரில் வேலை செய்கிற ஆள் ஒருத்தர் சைக்கிளில் கொண்டுவந்தார். பை, கத்தரி, தராசு எல்லாம் சர்க்கார் கணக்காம். இது மட்டும் கணக்கில் இல்லையாம், நீ சொந்தமாக வாங்கினதாம். உன் வீடு பூட்டியிருந்ததால் தெருவில் விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் கொடுப்பதற்கு முன்னால், “நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?” என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். அக்கா இல்லை, தங்கச்சி இல்லை. சிநேகிதி என்று சொன்னால் சினிமாவுக்குச் சேர்ந்து போகிறவர்கள் மாதிரி இருக்கிறது. “பக்கத்து வீடு” என்றேன். அவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

குழலை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். மரமும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. காது வைக்கிற பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அடையாற்றிலும் மந்தைவெளியிலும் எத்தனை பேர் வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்க அது உட்கார்ந்திருக்கும். முதலில் உட்கார்ந்தது என் வயிற்றில்.

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. ஒரே தெருவில் இருப்பவளுக்கு என்ன கடிதம்? சுவரைத் தட்டினால் வந்துவிடுவாய். மூன்றாவதோடு நின்ற கை இது. எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் கை வலிக்கிறது. ஆனாலும் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது கேட்டேன், நீ சொன்னாய், எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். மஞ்சள் காமாலை அத்தனை சீக்கிரம் உன்னைக் கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்?

உனக்கு நினைவிருக்கும். நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் நர்சிங் மூன்று வருஷம் முடித்து, பிரசவப் படிப்பில் இருந்தாய். லீவுக்கு வரும்போதெல்லாம் உன் பாடப்புத்தகம் நான்தான். பாயில் படுக்க வைத்து, இரண்டு கையாலும் வயிற்றைத் தடவிப் பார்ப்பாய். குழலை வைத்துக் காதைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்வாய். என் மாமியார் வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டே பேசுவாள்.

“இன்னாடி அது, நாயனமா? ஊதிடாதே, உள்ள கீற கொயந்த எய்ந்து ஆடப்போவுது.”

“ஆடட்டும் அத்தே. மொதல்ல தலைகீழா நிக்கட்டும், அப்புறம் ஆடலாம்.”

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது சிரிக்கவில்லை. “சரசு, தல மேல கீது. இன்னும் திரும்பல. வலி எடுத்தா வீட்ல வெச்சுக்கினு இருக்காதே. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு.” நான் சரி என்றேன். மாமியாரிடம் சொன்னேன். “எங்க வூட்ல எல்லாம் வூட்லதான் பொறந்துச்சு” என்றாள். அதோடு முடிந்தது.

அறுபத்து மூவர் அன்றைக்குத்தான் வலி எடுத்தது. நீ திருவிழாவுக்காக லீவு போட்டு வந்திருந்தாய். பச்சைப் புடவை, தலை நிறையக் கதம்பம். மாமியார் காலையிலிருந்து என்னை உள்ளே வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. வெயில் ஏறியதும் நான் கத்தியது உன் வீட்டுச் சுவருக்குக் கேட்டு நீ ஓடி வந்தாய்.

மாமியாருக்கு அப்போதுதான் பயம் வந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீதான் படிக்கிறியே, நீயே பாத்துடு கண்ணு.”

நீ கையை உதறினாய். நான் பார்த்தேன். “எனக்கு இன்னும் ரிஜிஸ்டர் நம்பர் வரல அத்தே. பரீட்சையே எழுதல. நான் தொடக்கூடாது. வண்டி கொண்டாரச் சொல்லுங்க.”

“ஊரான் வூட்டுப் பொம்பளைங்கள எல்லாம் தொட்றே, கூடப் பொறந்தவ மாதிரி இருக்கறவள தொட மாட்டியா?”

“அங்க சிஸ்டர் பக்கத்துல நிப்பாங்க. இங்க யாரு நிக்கறா? வண்டி கொண்டாங்க!”

எனக்கு அப்போது உன் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் உடம்பில் உணர முடிகிறது. வலியை விட அது பெரிதாக இருந்தது. ஒரு நம்பர். பஸ்ஸுக்கு இருக்கிற மாதிரி ஒரு நம்பர். அது இல்லாமல் உன் கை என் மேல் படாதா?

என் வீட்டுக்காரர் லஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர். ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவர் வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார், நீ பக்கத்தில் ஏறிக்கொண்டாய். அன்றைக்குப் போய் எந்தப் பக்கம் போவது? சுற்றிப் போனால் நேரமாகும் என்று குளத்துப் பக்கமாகக் குறுக்கே விட்டார். அதுதான் வினை. மாட வீதி முழுக்கத் தலைகள். மேளச் சத்தம், பலூன்காரன், விசிறி விற்கிறவன், தோளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிற்கிற ஜனம். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. “வயி வுடுங்க நைனா! புள்ளத்தாச்சி! வயி வுடுங்க!” என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தன் திரும்பி, “எல்லாரும் சாமி பாக்கத்தான் வந்துகிறோம், வரிசைல வா” என்றான்.

அப்போது எனக்குத் தண்ணீர் உடைந்தது. நீ குனிந்து பார்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். “கால்” என்றாய். யாரிடம் சொன்னாய் என்று தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல். அங்கே மோர் ஊற்றிக்கொண்டிருந்த மாமி ஒருத்தி கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். “ஐயோ, பொண்ணு துடிக்கறாளே! எல்லாரும் அந்தண்டை திரும்பி நில்லுங்கோ! ஒருத்தரும் பார்க்கப்படாது!” என்று அதட்டினாள். எதிர் வீட்டுக்குள் ஓடி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒன்பது கஜத்தை அப்படியே உருவிக்கொண்டு வந்தாள். நாலு பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒன்பது கஜம் ஒரு ரிக்‌ஷாவை முழுக்கச் சுற்றி வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உள்ளே அரக்கு நிறத்தில் ஒரே வெளிச்சம். உன் முகம்கூட அரக்காக இருந்தது.

நீ உன் கையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பந்தலில் இருந்த தண்ணீரில் கையைக் கழுவினாய்.

“சரசு, நான் சொல்றப்போதான் முக்கணும். சொல்லாம முக்கினே, கொன்னுடுவேன்.”

கால் வந்தது, இடுப்பு வந்தது, அதற்குமேல் வரவில்லை. நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் சொன்னாய், பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாயாம். கடைசியில் ஒரு இழுப்பு. வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அழுகை கேட்கவில்லை. பிறகு கேட்டது. புடவையைப் பிடித்திருந்த பெண்கள் அழுதார்கள், மாமி அழுதாள், என் வீட்டுக்காரர் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ மட்டும் அழவில்லை. குழந்தையின் இடது கையைத் தூக்கிப் பார்த்தாய். விட்டாய். அது துணி மாதிரி விழுந்தது. மறுபடி தூக்கினாய்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ படிக்கிற அதே ஆஸ்பத்திரி. வாசலிலேயே எனக்குப் பயம். நம்பர் இல்லாதவள் தொட்டால் தப்பு என்று நீ சொன்னது காதில் இருந்தது. உன்னைத் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். உன் பச்சைப் புடவை முழுக்க ரத்தம். சிஸ்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார்.

“கொழந்தைய யாரு எடுத்தாங்க?”

“யாரும் எடுக்கலம்மா. தானா வந்துச்சு” என்றேன். எத்தனை அழகாகச் சொன்னேன் தெரியுமா. கண்ணே இமைக்கவில்லை.

நீ தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாய்.

“இல்ல சிஸ்டர். நான்தான் எடுத்தேன். கால் மொதல்ல வந்துச்சு. கை ரெண்டும் மேல மாட்டிக்கிச்சு. எடது கைய நான் வேகமா இழுத்துட்டேன்.”

கேட்டது என்னை. பதில் சொன்னது நீ. சிஸ்டர் பேனாவை நிறுத்திவிட்டு உன்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ நம்ம பொண்ணு இல்ல?” என்றார். “ஆமா சிஸ்டர்” என்றாய். அவ்வளவுதான்.

உன்னை அந்தத் தடவை பரீட்சைக்கு உட்கார விடவில்லை. விசாரணை என்றார்கள். அடுத்த பேட்ச்சோடு மறுபடி வார்டில் நின்று எழுது என்றார்கள். உனக்குப் பேசி வைத்திருந்த பெரம்பூர் மாப்பிள்ளை வீட்டில், பெண் நம்பர் வாங்கி வேலையில் சேர்ந்ததும் கல்யாணம் என்று இருந்தார்கள். “ஆஸ்பத்திரியில ஏதோ கேசாமே” என்று விலகிக்கொண்டார்கள். உன் அம்மா என் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

நீயோ என் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, “போனா போறான் விடு. அவன் காது ரெண்டும் வெளில வந்து நிக்குதுன்னு நீதானே சொன்னே?” என்றாய்.

“நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டி.”

“நான் நெஜமாவே பாத்தேன். நிக்குது.”

அன்றைக்குத்தான் கேட்டேன். ஏன்டி சொன்னே? நான்தான் தானா பொறந்துச்சுன்னு சொல்லிட்டேனே. தெருவில் பார்த்தவர்கள் வந்து சாட்சி சொல்லப்போகிறார்களா? மாமி வரப்போகிறாளா? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

நீ பிள்ளையின் இடது கையை மடக்கி, நீட்டி, மடக்கி, நீட்டிக்கொண்டிருந்தாய். “தானா பொறந்துச்சுன்னு எழுதிட்டா, டாக்டர் தோள்பட்டையப் பாக்க மாட்டாரு சரசு. கொயந்த சும்மா தூங்குதுன்னு விட்டுடுவாரு.”

அது உண்மைதான். நீ சொன்ன பிறகுதான் டாக்டர் வந்து தோளைப் பார்த்தார். நரம்பு இழுபட்டிருக்கிறது என்றார். குழந்தையின் சட்டைக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, தலையணையோடு சேர்த்து ஊக்குக் குத்தி வைத்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம், “என்னம்மா, பொறந்ததும் வாத்தியார்கிட்ட கேள்வி கேக்கற மாதிரி கையத் தூக்கிக்கினு கீது?” என்று சிரித்தார்கள். பிறகு மாதக்கணக்கில் நீ லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து கையை ஆட்டிவிட்டாய்.

ஆனால் எனக்குப் புரியாதது இதுதான். தோளைப் பார்க்கச் சொல்ல வேண்டுமென்றால், “கை சரியில்லை, பாருங்க” என்று சொல்லியிருக்கலாமே. “நான் வேகமா இழுத்துட்டேன்” என்று எதற்குச் சொன்னாய்? அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் உனக்கு ஒரு வருஷம் போயிருக்காது. அந்தக் காது நீண்டவனோடு நீ பெரம்பூரில் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பாய். உனக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்கும். அதைத்தான் கேட்டேன். நீ, “எப்படி நடந்துச்சோ அப்படித்தானே சொல்லணும்” என்றாய், ஏதோ மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி. எனக்குக் கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன், இத்தனை வருஷமும்.

உனக்கு நம்பர் வந்த நாளில் நான் செய்த கூத்து வேறு. கவுன்சிலில் கொடுத்த காகிதத்தை உன் போட்டோவோடு சேர்த்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாய். நான் சந்தோஷத்தில் குளத்தங்கரைக்குப் போய் நல்ல கட்டு மல்லிகையாகப் பார்த்து வாங்கி, சட்டத்துக்கு மாலையாகப் போட்டு, பொட்டும் வைத்தேன். உன் அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்து அலறிவிட்டாள். “அடிப்பாவி! உசுரோட இருக்கற பொண்ணு படத்துக்கு மாலை போட்டியேடி!” அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீதான் தரையில் உட்கார்ந்து சிரித்தாய். மாலையை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டு, “இப்ப சரியா?” என்றாய்.

அதற்கும் மேலே போனாய். வார்டில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, சுகாதார நர்ஸ் என்று மேல்படிப்பு. எனக்கு அதுவும் புரியவில்லை. நர்ஸ் என்றால் நர்ஸ், அதற்கு மேலே என்ன, டாக்டர்தானே என்று கேட்டேன்.

“டாக்டர் இல்ல. இத்தினி நாள் அவங்க சொல்லச் சொல்ல செஞ்சேன். இனிமே வீடு வீடாப் போயி நானே பாக்கணும். இது வீட்ல ஆவும், இது ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு நானே சொல்லணும். தப்பாப் போனா நானே பதில் சொல்லணும்.”

“அதுக்கு இன்னும் ஒரு காயிதமா?”

“அதுக்குத்தான்டி காயிதம்.”

அடையாறு சென்டரில் வேலை கிடைத்தது. காலையில் வெள்ளைப் புடவையில் பஸ் ஏறுவாய். பிள்ளை உண்டான வீட்டில் வெள்ளைப் புடவை நுழையக்கூடாது என்று சில கிழவிகள் முகத்தைத் திருப்புவார்களாம். பையில் ஒரு சிவப்புச் சால்வை வைத்திருந்தாய். வாசலில் நின்று அதைப் போர்த்திக்கொண்டு, “இப்ப உள்ள வரலாமா பாட்டி?” என்று கேட்பாயாம். உள்ளே போனதும் எடுத்து மடித்து வைத்துவிடுவாயாம். சண்டை போட நேரமில்லை என்பாய். அங்கே சால்வை போர்த்தத் தெரிந்த உனக்கு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் ஒரு பொய்யைப் போர்த்திக்கொள்ளத் தெரியவில்லை? நான் போர்த்தினதையும் ஏன் உருவிப் போட்டாய்?

உன்னைக் குளிப்பாட்டி வைத்தபோது, வெள்ளைப் புடவையா வேறா என்று பெண்களுக்குள் ஒரே பேச்சு. கல்யாணம் ஆகாதவள், வெள்ளை வேண்டாம் என்றார்கள். வேலை வெள்ளையில்தானே பார்த்தாள் என்றாள் ஒருத்தி. என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். கடைசியில் பச்சை கட்டினார்கள். யாரோ கையில் கிடைத்ததை எடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்குத்தான் அந்த அறுபத்து மூவர் பச்சை நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டத்துக்கு உன் அண்ணன் மாலை போட்டார். இப்போது யாரும் அலறவில்லை. இப்போது அது சரியாம்.

முந்தாநாள் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நம் தெருக்கோடி வள்ளிக்கு நிறைமாதம். பகல் வேளையில் வலி எடுத்தது. பழக்கத்தில் உன் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பூட்டைப் பார்த்ததும்தான் நினைவு வந்து என்னிடம் ஓடி வந்தார்கள். உன் குழல் என்னிடம் வந்தது தெருவுக்கெல்லாம் தெரியும். அது இருந்தால் எனக்கு ஏதோ தெரியும் என்று நினைப்பு. வள்ளியின் மாமியார், “நீதான் அவ கூடவே இருந்தியே, வந்து பாரும்மா” என்றாள்.

குழலைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். “எனக்கு ஒண்ணும் தெரியாது. வண்டி கொண்டாங்க” என்றேன். என் குரல்தான். ஆனால் அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

கூடவே போனேன். வழியெல்லாம் அந்த அம்மா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். காலையில் சீக்கிரம் ஆகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்களாம், வயிற்றை அமுக்கினார்களாம், தண்ணீர் விடிகாலையிலேயே உடைந்துவிட்டதாம். அங்கே சொன்னால் திட்டுவார்கள், மூச்சு விடாதே என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன்.

சிஸ்டர் வந்தார். சின்னப் பெண். “வீட்ல ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“ஒண்ணும் குடுக்கலம்மா. வெறும் வெந்நித்தண்ணி. வலி வந்ததும் ஓடியாந்துட்டோம்” என்றாள் மாமியார். கண்ணே இமைக்கவில்லை. எனக்கு என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது.

“இல்ல சிஸ்டர்” என்றேன். “வெளக்கெண்ணெ குடுத்தாங்க. வவுத்த அமுக்கினாங்க. தண்ணி விடிகாலைலயே ஒடஞ்சிடுச்சு.”

சிஸ்டர் காகிதத்தில் ஏதோ எழுதி, உள்ளே யாரையோ அவசரமாகக் கூப்பிட்டார். வள்ளியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா என் மேல் பாய்ந்தாள். “உன்ன யாருடி கேட்டது? உன்ன எவடி கேட்டா?” வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள். சிஸ்டர் திரும்பி வந்து, “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். மறுபடி அதே கேள்வி. “பக்கத்து வீடு” என்றேன். இந்தத் தடவை அது கொஞ்சம் சரியாகப் பட்டது.

வள்ளியும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்த அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் சொன்னதால் நன்றாக ஆனதா, சொல்லாவிட்டாலும் ஆகியிருக்குமா, எனக்குத் தெரியாது. ஏன் சொன்னேன் என்றும் தெரியாது. நினைத்துச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். வாய் அதுவாகத் திறந்தது.

உனக்கும் அன்றைக்கு அப்படித்தானா? தூணுக்குப் பின்னால் நின்று, எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்தாயா, இல்லை உனக்கே தெரியாமல் கால் நடந்ததா? இதைத்தான் நான் சரியாகக் கேட்கவில்லை. ஏன் சொன்னே என்றுதான் கேட்டேன். எப்படி வந்துச்சு என்று கேட்டிருக்க வேண்டும்.

குழலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். என் மூத்த மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். “குடும்மா” என்று வாங்கி, அதன் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி, ஸ்டூலில் ஏறி, உயரத்தில் இருக்கிற ஆணியில் எக்கி மாட்டினாள்.

இடது கையால்.